ஏரியைக் கடந்த வீடு

11

விடிந்ததும் ஹல்டா வெளியே வந்து தன் வீட்டை ஒருமுறை சுற்றி நடந்தாள்.

நேற்று வரை அது பூமியில் நின்ற வீடு. இப்போது அதன் அடிவயிற்றில் இரண்டு முழுப் பைன் மரங்கள் கிடந்தன. முனை வளையச் செதுக்கி, பனியில் சறுக்கிப் போவதற்காகச் செருகியிருந்தார்கள். புகைபோக்கியைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்ததில் கூரை நடுவே ஒரு பெரிய ஓட்டை. அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மண்டையில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது வீடு.

"பயப்படாதே, நான் கூடவே வரேன்" என்று சுவரைத் தட்டிச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவள் கட்டிய வீடு அது. நாட்டின் விடுதலைச் சண்டை முடிந்து வந்த அவள் புருஷன் ஈனோஸ் ஹோல்கம் ஏரிக்கரையில் இந்த நிலத்தை வாங்கிய கையோடு, காலில் இருந்த பழைய குண்டுக் காயம் சீழ் பிடித்துப் படுத்துவிட்டான். மரம் வெட்டியது, அறுத்தது, மரச்சட்டம் நிறுத்தியது எல்லாம் ஹல்டாவும் மூத்த மகன் ஜோயலும்தான். மரம் அறுக்கும் குழிக்குள் ஜோயல் நிற்பான், மேலே அவள். ரம்பத்தின் இரு முனைகளில் தாயும் பிள்ளையுமாக ஒரு கோடை முழுவதும் போனது.

இப்போது அந்த நிலம் இவர்களுடையது இல்லை என்று ஆகிவிட்டது. விற்றவனுக்கு விற்கவே உரிமை இல்லையாம். நியூயார்க்கில் வேறொருவனிடம் அதைவிடப் பழைய பத்திரம் இருந்ததாம். வழக்கில் ஜெயித்தவன் வாசலில் நின்று, "நிலம் எனக்கு. வீடு வேணும்னா தூக்கிக்கிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் கேலிக்குச் சொன்னதை ஈனோஸ் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏரி நடுவில் இருக்கும் தீவில், படையில் இருந்தவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. நாலு வருடமாக அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுபவன், அன்று சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"ஏரி உறைஞ்சு இறுகட்டும். வீட்டைத் தீவுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடலாம்."

அதற்காகத்தான் இன்று சுற்றுவட்டாரமே எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தது.

*

காட்டுப் பாதையிலிருந்து ஜோடி ஜோடியாக எருதுகள் இறங்கி வந்தன. சிவப்பு, செவலை, புள்ளி போட்டது, ஒற்றைக் கொம்பு ஒடிந்தது. பனியில் வழுக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் கூர்முனை லாடம் அடித்திருந்தது. அவற்றின் மூச்சு ஆவியாகக் கிளம்பி, கரை முழுக்கச் சோறு வடிக்கிற அடுப்படி மாதிரி வெள்ளையாகப் படர்ந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்னபஸ் கிரேனின் ஜோடி. பார்னபஸ் அடுத்த பண்ணைக்காரர். சண்டையில் ஈனோஸுக்குக் கீழே இருந்தவர். வயதில் மூத்தவரானாலும் இன்றுவரை அவனை "சார்ஜென்ட்" என்றுதான் கூப்பிடுவார். ஹோல்கம் வீட்டுச் சின்னப் பெண்கள் இருவரும் நேற்றே அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாளை சறுக்குவண்டியில் வந்து சேர்வார்கள்.

"தங்கச்சி, இறங்கு. எருதுங்க பாவம், உன்னையும் சேத்து இழுக்கணுமா?" என்றார் பார்னபஸ்.

ஹல்டா வாசற்படியை விட்டு அசையவில்லை. "நேத்து ராத்திரி நீங்க குடிச்ச ரம்மே என்னைவிடக் கனமா இருக்கும். அதைச் சுமந்துக்கிட்டுத்தானே வந்திருக்கு உங்க மாடு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோயல் சிரிக்கவில்லை. இருபது வயது, அப்பாவின் தோள், அம்மாவின் நாக்கு. ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தவன் நேராக அப்பாவிடம் வந்தான்.

"காத்து தெக்கேருந்து சூடா அடிக்குதுப்பா. பனி மேல அங்கங்க தண்ணி நிக்குது, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"பாத்துட்டுத்தான் இன்னிக்கேன்னு சொல்றேன். அடுத்த வாரம் இந்த ஏரி மேல நாய்கூட நடக்காது."

"ஒரு கோடாரி, ஒரு மூட்டை. மேக்கே ஜெனசீ பக்கம் புது நிலத்துக்குப் போயிருந்தா இந்நேரம் புது வீடே எழுப்பியிருப்பேன். மரத்தைப் போய் இந்தப் பாடு படுத்தி இழுத்துக்கிட்டு..."

"உன் அம்மாகிட்ட சொல்லு."

ஜோயல் அம்மாவைப் பார்த்தான். ஹல்டா சொன்னாள்: "இதுல பாதிப் பலகை நீ அறுத்ததுடா."

"பலகை எங்க போனாலும் கிடைக்கும்மா."

"அந்தக் கோடை கிடைக்குமா?"

 ஜோயல் உதட்டைக் கடித்துக்கொண்டு சங்கிலிப் பக்கம் போனான். தீவில் வீட்டை இறக்கிவிட்டு மறுநாளே மேற்கே கிளம்பப் போவதாக அவன் சொல்லியிருந்தது ஹல்டாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஈனோஸ் வாசலுக்கு வந்தான். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் நடப்பான். கையில் ஒரு கோடாரி. "இறங்க மாட்டே?"

"மாட்டேன். இது போனா நானும் இதோட போறேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்ல."

 அவளுக்குப் புரியாத ஏதோ ஒன்று அவன் முகத்தில் வந்து போனது. பிறகு தலையை ஆட்டிவிட்டு எருதுகளின் முன்வரிசைக்கு நடந்தான்.

*

முதலில் எதுவும் நகரவில்லை. சங்கிலிகள் விறைத்தன. எருதுகள் கழுத்தைத் தாழ்த்தி முட்டி போட்டன. ஓட்டுகிறவர்களின் கத்தல் காட்டில் பட்டுத் திரும்பி வந்தது. வீடு உள்ளுக்குள் முனகியது.

பிறகு, எங்கோ ஆழத்தில் ஒரு பல் பிடுங்கப்பட்டது போல ஒரு சத்தம்.

ஹல்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நாலு வருடமாக அசையாமல் நின்ற மேப்பிள் மரம் மெதுவாகப் பின்னால் போயிற்று.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மரம் போயிற்று. கிணறு போயிற்று. கரை ஒரு தரம் சரிந்து வீட்டைத் தாழ்த்தியது. அதற்குப் பிறகு எந்தக் குலுக்கலும் இல்லை. தண்ணீர் மேல் படகு போவது போல வீடு போக ஆரம்பித்தது.

அவள் மெல்ல ஜன்னலிடம் வந்தாள். அந்த வீட்டில் கண்ணாடி போட்ட ஜன்னல் அது ஒன்றுதான். தினமும் அதன் முன்னால் நின்று மாவு பிசைவாள். தெரிவது வேலியும் மரமும்தான். இன்று அதில் உலகமே தெரிந்தது. வெள்ளையாக, முடிவில்லாமல், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு ஏரி கிடந்தது. அதற்கப்பால் மேற்கு மலைகள் நீலமாக எழுந்து, தலையில் பனியோடு, ஒன்றன்பின் ஒன்றாக அவள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தன.

"கர்த்தரே" என்றாள். 

காற்று பனித்தூளை அள்ளிக்கொண்டு போன இடங்களில் ஏரி கறுப்புக் கண்ணாடியாக இருந்தது. வாசலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். உறைந்த நீர்க்குமிழிகள் கோத்த மணிபோல ஒன்றின்கீழ் ஒன்றாக ஆழத்துக்கு இறங்கின. அவற்றுக்கும் கீழே ஒரு மீன், ஆள் நீளம் இருக்கும், வாலைக்கூட ஆட்டாமல் வீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. தன் தலைக்கு மேலே ஒரு வீடு போவதை அது பார்த்திருக்குமா?

அப்போது ஏரி குரல் கொடுத்தது.

அதை வேறு எப்படிச் சொல்வது? தூரத்தில், கரையோரம் எங்கோ கிளம்பிய ஓசை, ஒரு பெரிய கம்பியை யாரோ சுண்டிவிட்டது போல விம்மிக்கொண்டே வந்து, அவள் உட்கார்ந்திருந்த படிக்குக் கீழே ஓடி, எதிர்க்கரைக்குப் போய் அடங்கியது. எருதுகள் காதை விறைத்தன. ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

வெகு முன்னால், எல்லோருக்கும் முன்னால், ஈனோஸ் தனியாக நடந்துகொண்டிருந்தான். கோடாரியின் பின்பக்கத்தால் பனியைத் தட்டுவான். தலை சாய்த்துக் கேட்பான். வலது கையைத் தூக்குவான். தூக்கிய கை இடப்பக்கம் சாய்ந்தால், அவ்வளவு எருதுகளும், அவ்வளவு ஆட்களும், பின்னால் வந்த வீடும் இடப்பக்கம் திரும்பும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனை அவள் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். காய்ச்சலில் பிதற்றுகிறவனாக, வழக்கு மன்றத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறவனாக, மகனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போகிறவனாக. ஆறு வருடம் அவன் படையில் இருந்தபோது எப்படி இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதற்கு, "குளிரும். நடப்போம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

இப்போது அந்த ஒற்றை உருவம் வெள்ளை வெளியில் நடப்பதைப் பார்த்தாள். கால் இழுப்பது இங்கிருந்து தெரியவில்லை.

*

பாதித் தூரத்தைத் தாண்டிய பிறகுதான் ஈனோஸின் கை சட்டென்று நேராக மேலே போயிற்று. விரல்கள் விரிந்திருந்தன. நில்.

ஹல்டா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். எருதுகளுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோடு, ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பனி விரிசல் விட்டிருந்தது. ஒரு எட்டில் தாண்டிவிடலாம், ஆனால் அதில் நீர் மேலும் கீழுமாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

கூட வந்த சறுக்குவண்டியில் இதற்கென்று பலகைகள் வைத்திருந்தார்கள். அவற்றைப் போட்டு எருதுகளைக் கடத்தினார்கள். முதல் ஜோடி பயந்து முரண்டு பிடித்தது. பார்னபஸ் அவற்றின் காதில் என்னவோ கெட்ட வார்த்தையைக் கொஞ்சலாகச் சொல்லி நடத்தினார். ஒவ்வொரு ஜோடியாகப் போனது. கூர்லாடம் பட்டுப் பட்டுப் பலகைகள் நாராகக் கிழிந்துகொண்டே வந்தன. கடைசி ஜோடி தாண்டியபோது ஒரு பலகை இரண்டாக முறிந்து நீரில் விழுந்தது.

சங்கிலிகள் இப்போது பிளவின் குறுக்கே கிடந்தன. எருதுகள் அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம்.

ஹல்டாவின் பாதம் சில்லென்றது. குனிந்தாள். சறுக்குக்கட்டையைச் சுற்றி நீர் ஊறி ஏறிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தவரை தாங்கிய பனி, வீடு நின்றதும் அமுங்க ஆரம்பித்திருந்தது.

ஈனோஸ் பிளவைத் தாண்டி ஓடி வந்தான். ஆமாம், ஓடினான். "ஹல்டா, இறங்கு."

"நான்தான் சொன்னேனே..."

"இறங்குடி!"

இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. கோபக் குரல் இல்லை அது. அதைக் கேட்டதும் அவள் கால் தானாகப் படியில் இறங்கியது. இறங்கிய கால் பாதியில் நின்றது.

"பலகை போதலையா?"

"போதாது. எருதுக்குப் போட்டதெல்லாம் கிழிஞ்சு போச்சு. கரைக்குப் போய்க் கொண்டு வர நேரமில்ல. வீட்டை விட்டுட்டுச் சங்கிலியைக் கழட்டச் சொல்லப் போறேன்."

வீட்டை விட்டுவிட்டு. ஹல்டா திரும்பி உள்ளே பார்த்தாள். சூடு ஆறாமல் போர்வை சுற்றிய அவரைப் பானை. மூலையில் கட்டில். சுவருக்குச் சுவர் அகலப் பலகை பாவிய தரை. இரண்டு விரல் தடிமன். ஒவ்வொரு பலகையும் அவளுக்குத் தெரியும். கண்ணுள்ளது, வளைந்தது, ஜோயல் ரம்பத்தைக் கோணலாக விட்டு அவளிடம் திட்டு வாங்கியது.

"ஜோயல்! கடப்பாரையை எடுத்துக்கிட்டு உள்ள வா!" என்று கத்தினாள்.

"எதுக்கும்மா?"

"தரைப் பலகையைப் பேத்தெடுக்கணும். சீக்கிரம்!"

ஜோயல் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றான். அடுத்த கணம் உள்ளே இருந்தான். முதல் பலகை ஆணியோடு அலறிக்கொண்டு மேலே வந்தது. ஹல்டா அதன் நுனியைப் பிடித்து இழுத்து வாசல் வழியே தள்ளினாள். வெளியே ஈனோஸ் வாங்கிக்கொண்டான். இரண்டாவது. மூன்றாவது. தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ரம்பத்தின் இரு முனையில் நின்ற கோடையில் வந்த தாளம் அவர்கள் கைக்குத் தானாக வந்துவிட்டது. அவன் நெம்புவான், அவள் இழுப்பாள். அவள் விரல் நகம் ஒன்று பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது.

பாதித் தரை போனதும் ஈனோஸ் "போதும்" என்றான். "இறங்குங்க ரெண்டு பேரும்."

இந்தத் தடவை ஹல்டா மறுபேச்சுப் பேசாமல் இறங்கினாள். கணுக்கால்வரை தண்ணீர்.

*

சறுக்குக்கட்டை போகும் இரண்டு தடத்திலும் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். ஹல்டாவைப் பிளவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஈனோஸ் மகனிடம் வந்தான். தன் கோடாரியை அவன் கையில் கொடுத்தான்.

"சங்கிலியை வீட்டோட கட்டியிருக்கிற வடத்துக்கிட்ட நில்லு. வீடு உள்ள போச்சுன்னா அத்தனை எருதையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். ஓட்டறவங்களையும் சேத்து. அதுக்குள்ள நீ வெட்டணும்."

"எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டைப் பாக்காதே. என் கையைப் பாரு. கை மேல இருக்கறவரைக்கும் வெட்டாதே. கை கீழ வந்தா யோசிக்காதே."

குளிர்காலம் முழுக்க அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்ச்சொல் வைத்திருந்த ஜோயல், கோடாரியை இறுகப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா" என்றான்.

ஈனோஸ் பிளவின் ஓரத்தில் போய் நின்றான். கையை உயர்த்தினான்.

"இழுங்க!"

வீடு வந்தது. வெளியிலிருந்து அது நகர்வதை ஹல்டா இப்போதுதான் பார்க்கிறாள். எவ்வளவு பெரியது! அதைக் கட்டியது தானா? அதன் பாரத்தில் பனி குழிந்தது. கண்ணுக்குத் தெரியக் குழிந்தது. வீட்டோடு கூடவே அந்தக் குழியும் நகர்ந்து வந்தது, ஏரி ஒரு கனமான பிள்ளையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வருவது போல. ஓரங்களில் நீர் பீறிட்டது.

முன்முனை பலகைமேல் ஏறியது. பலகைகள் வளைந்தன. அவள் பலகைகள். ஒடியாதே, ஒடியாதே. பாதி வீடு பிளவுக்கு மேலே வந்தபோது, இடப்பக்கத்தில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு பலகை போயிற்று. வீடு தலையைச் சாய்த்தது. உள்ளே ஏதோ உருண்டு சுவரில் மோதியது.

"சார்ஜென்ட்!" என்று யாரோ அலறினார்கள்.

"வெட்டுடா, வெட்டு!" என்று இன்னொருவர்.

ஜோயலின் கோடாரி தலைக்கு மேலே போயிற்று. கண் அப்பாவின் கையில்.

ஹல்டாவும் அதைத்தான் பார்த்தாள். வீட்டைப் பார்க்கத் துணிவில்லை. அந்தக் கை. ஒரு மரக்கிளைக்குக்கூட இருக்கும் நடுக்கம் அதில் இல்லை. ஈனோஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது, கை மட்டும் வானத்தில் ஊன்றி வைத்தது போல நின்றது. அந்தக் கை மேலே இருக்கும்வரை எதுவும் மூழ்காது என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே இருந்த எல்லோருக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் ஒருவர்கூடச் சங்கிலியை விட்டு ஓடவில்லை.

எருதுகள் மண்டியிட்டு இழுத்தன. வீடு இன்னும் ஒருமுறை முனகியது. பின்முனை பிளவின் விளிம்பை இடித்துக்கொண்டு மேலே ஏறியது. ஏறி, நிமிர்ந்து, சறுக்கி, இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"நிக்காதே! போய்க்கிட்டே இரு!" என்றான் ஈனோஸ்.

அதற்குப் பிறகுதான் கை தாழ்ந்தது.

*

வீட்டுக்குப் பின்னால் ஹல்டா நடந்தே வந்தாள். நனைந்த பாவாடை விறைத்துப் பலகையாகிவிட்டது. பார்னபஸ் தன் எருதுகளை மருமகனிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அவருடைய தாடியில் பனி கட்டியிருந்தது. கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இவர் இப்படி நின்னு இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று ஹல்டா கேட்டாள்.

பார்னபஸ் கால் கீழே கிடந்த பனியைக் காட்டினார். "இதே ஏரிதான் தங்கச்சி. சண்டையோட முதல் குளிர்காலம். கனடாவுலேருந்து அம்மை கண்டவங்களைச் சறுக்குவண்டியில ஏத்திக்கிட்டு வரோம். இப்படித்தான் பனி விரிசல் விட்டுச்சு. இப்படித்தான் கையைத் தூக்கிக்கிட்டு நின்னாரு. ஒவ்வொரு வண்டியா கடத்தினாரு."

"எல்லாரும் வந்து சேந்துட்டாங்களா?"

"கடைசி வண்டி உள்ள போக ஆரம்பிச்சுது. அதுல மூணு பேர். அதோட கயித்தால சேத்துக் கட்டியிருந்தது எங்க வண்டி. எங்க வண்டியில பதினஞ்சு பேர்." பார்னபஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குக் கை கீழ வந்துச்சு. வெட்டினது நான்."

ஹல்டா நின்றுவிட்டாள்.

முன்னால் அவள் புருஷன் திரும்ப வாங்கிய கோடாரியால் பனியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். இப்போது அவனோடு ஜோயலும் நடந்தான். அப்பா தட்டிய இடத்தில் அவனும் தலையைச் சாய்த்துக் கேட்டான். இந்த ஏரியைத் தினம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நாலு வருடம் அவன் அவளோடு அதே வீட்டில் இருந்திருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த மனிதனையா எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

*

வெயில் மேற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் வீடு தீவில் ஏறியது. கரையில் எருதுகளின் லாடம் கல்லில் பட்டதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். ஈனோஸின் பங்கு கொஞ்சம் மேட்டில் இருந்தது. அக்டோபரில் அவனும் ஜோயலும் படகில் வந்து நாலு மூலைக்கும் கல் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு யாரும் இங்கே வரவில்லை.

தேவதாரு மரங்களைச் சுற்றித் திரும்பியதும் முன்வரிசை எருதுகள் நின்றன.

பதித்த கற்களுக்கு நடுவே ஒரு குடிசை. கிளைகளும் மரப்பட்டையுமாகச் சாய்த்துக் கட்டியது. அதிலிருந்து புகை. பக்கத்தில் ஒரு சினைப்பசு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. குடிசைக்கு முன்னால் ஆம்பிளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் நீளத் துப்பாக்கியோடு நின்றாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கன்னம் பனியில் வெந்திருந்தது.

"அங்கயே நில்லுங்க" என்றாள்.

அவ்வளவு எருதுகளும், அவ்வளவு ஆட்களும், ஒரு முழு வீடும் அந்த ஒருத்திக்கு முன்னால் நின்றன.

"இது எங்க இடம்மா. ஹோல்கம் பங்கு" என்றான் ஜோயல்.

"யாருதுன்னு எனக்கும் தெரியும். நாலு வருஷமா சும்மா கிடந்த இடம். என் புருஷன் பங்கு எங்கன்னு ஒவ்வொரு ஆபீசா ஏறி இறங்கினேன். செத்தவனுக்குப் பங்கு இல்லன்னுட்டாங்க. அவரோட சார்ஜென்ட் பங்கு தீவுல காலியா இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். மேக்குக் கரையிலேருந்து மாட்டைப் பிடிச்சுக்கிட்டு பனி மேல நடந்தே வந்துட்டேன். இனி சுட்டாலும் போக மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரர் பேரு?" என்று பார்னபஸ் கேட்டார். அவர் குரல் சரியாக இல்லை.

"ஆப்னர் ஸ்டிக்னி. அம்மை கண்டு, இந்த ஏரியில போனவரு. நான் ரோடா."

ஈனோஸ் தொப்பியைக் கழற்றினான். நடு ஏரியில் வீடு சாய்ந்தபோதும் ஆடாத கை அது. தொப்பி அதில் நிற்காமல் நழுவிப் பனியில் விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவனால் முடியவில்லை.

ரோடா அவனைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்கதான் அந்த சார்ஜென்ட்டா?"

 பார்னபஸ் தரையைப் பார்த்தார். ஜோயல் அப்பாவையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் புரியாமல்.

இவளுக்கு எவ்வளவு தெரியும்? கயிறு வெட்டப்பட்டது தெரியுமா? யார் கை தாழ்ந்தது என்று தெரியுமா?  துப்பாக்கியின் வாய் ஈனோஸின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் நீலம் பாரித்து, மடக்கக்கூட முடியாமல் விறைத்திருப்பதை அவள்தான் கவனித்தாள். அந்தக் கையால் இப்போது சுடவும் முடியாது, துப்பாக்கியைக் கீழே வைக்கவும் முடியாது.

ஹல்டா எருதுகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விறைத்த பாவாடை கடகடவென்று சத்தமிட்டது. நேராகப் போய் ரோடாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியிலிருந்து பிரித்தாள். ரோடா தடுக்கவில்லை. இத்தனை நாளாக யாரும் தொடாத கை அது என்று பிடித்ததுமே ஹல்டாவுக்குத் தெரிந்தது.

"இடம் யாருதுன்னு நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம்" என்றாள். "பானையில அவரை இருக்கு. கொட்டாம இருந்தா உன் அடுப்புல சூடு பண்ணலாம். வீட்டுக்குள்ள வா. பாத்து கால் வை, பாதி வீட்டுக்குத் தரை இல்ல."